டிஸப்பாயின்ட்: இந்த ஒரு சொல் உங்களை எங்கே மாட்டிவிட்டது?

சிங்கப்பூர், துவாஸ் பட்டறையிலிருந்து:

'டிஸப்பாயின்ட்மென்ட்' என்றால் ஏமாற்றம் என்கிறோம், 'சீட்' என்றாலும் ஏமாற்றுவதுதான் என்கிறோம், குழப்பம் அங்கேதான். எங்கள் இடத்தில் நடந்ததைச் சொல்லித் தொடங்கிவைக்கிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

எங்கள் சூப்பர்வைசர் அண்ணன் மன்னார்குடிக்காரர். வேலையில் புலி, ஆங்கிலத்தில் புலி இல்லையென்றாலும் பயம் கிடையாது. வெல்டிங் ராடு கொடுக்கும் சீனர் ஒருவர் வெள்ளிக்கிழமை சரக்கு வந்துவிடும் என்று சொல்லியிருந்தார். வரவில்லை. அண்ணன் உடனே போனை எடுத்துத் தட்டினார்: 'யூ சீட்டட் அஸ்'. 'இப்படி ஏமாத்திட்டீங்களே' என்ற ஆதங்கம்தான் அவர் மனத்தில். ஊரில் பால்காரரிடம்கூட அப்படிச் சொல்வோம், அவரும் சிரித்துக்கொண்டே நாளைக்குக் கட்டாயம் என்பார். இவர் சிரிக்கவில்லை. நேரே பட்டறைக்கே வந்து, டெலிவரி ஆர்டர், இன்வாய்ஸ் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, எந்தக் காசை ஏமாற்றினேன் காட்டு என்று நின்றார். முகம் சிவந்துபோயிருந்தது.

அவர்மேல் தப்பு சொல்ல முடியாது. 'சீட்டிங்' என்பது ஆங்கிலத்தில் கோபத்தில் உதிரும் வார்த்தை மட்டும் இல்லை, குற்றத்தின் பெயர். சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்தில் 420ஆம் பிரிவு. ஆமாம், நாம் 'போர்ட்வென்ட்டி' என்று திட்டுவோமே, அதே எண்தான். இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பார்த்துத்தான் இங்கேயும் எழுதினார்கள். இந்தியாவில் 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்து எண் மாறிவிட்டது, இங்கே இன்னும் 420 அப்படியே இருக்கிறது.

கடைசியில் ஆபீஸ் அக்காதான் ஒரு வரி எழுதிக்கொடுத்தார்: 'வி ஆர் டிஸப்பாயின்டட் வித் தி டிலே'. வருத்தம் தாமதத்தின்மேல், ஆளைத் திருடன் என்று சொல்லவில்லை. அவரும் சாரி சொன்னார், மறுநாள் சரக்கு இறங்கியது. தமிழில் 'ஏமாற்று' என்றால் ஏமாற்றுவதற்கு ஓர் ஆள் வேண்டும். டிஸப்பாயின்ட் செய்ய ஆளே வேண்டாம். மழை போதும், தேர்வு முடிவு போதும், வீவக (அரசாங்க வீடமைப்புக் கழகம்) வீட்டுக் குலுக்கலில் வரும் வரிசை எண் தாராளமாகப் போதும்.

பொங்கோல் அக்கா:

குலுக்கல் பேச்சை எடுக்காதீர்கள் தம்பி, வயிறு எரிகிறது.

எங்கள் வீட்டுக் கதை இது. அண்ணன் மகன் தொடக்கநிலை ஐந்து படிக்கிறான். அவன் கையேட்டில் ஆங்கில ஆசிரியை ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தார்: 'ஐ ஆம் டிஸப்பாயின்டட் இன் ஹிம்'. கீழே பெற்றோர் கையெழுத்துக்கு இடம். அண்ணன் வேலை முடிந்து வந்த களைப்பில், போனில் அந்தச் சொல்லைப் போட்டுப் பார்த்திருக்கிறார். 'ஏமாற்றம்' என்று வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

"டேய், யாரைப் பாத்து எழுதினே?"

"நான் யாரையும் பாக்கலப்பா!"

"அப்புறம் எதுக்கு டீச்சர் நீ ஏமாத்துனேன்னு எழுதி அனுப்புறாங்க?"

பையனுக்கு 'ஏமாத்துறது' என்றால் சீட்டிங் என்று மட்டும்தான் தெரியும். என்ன செய்தோம் என்றே புரியாமல் ஓவென்று அழுதான். சமையலறையிலிருந்து அண்ணி வந்து கையேட்டைப் பிடுங்கிப் படித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஐயா மூன்று வாரமாகத் திருத்தமே செய்யாமல் நோட்டைப் பைக்குள் வைத்துச் சுமந்திருக்கிறார். அதற்கும் திட்டு விழுந்தது, அது வேறு.

என் வருத்தம் ஆசிரியை எழுதிய 'இன்' மேல்தான். 'வித் ஹிஸ் வொர்க்' என்று எழுதியிருக்கக் கூடாதா? படிக்கும்போதே பிள்ளையையே கழித்துக்கட்டிய மாதிரி இருக்கிறது. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:

உங்களுக்கு மட்டும் தோன்றவில்லை அம்மா. ஆளையே எடைபோடும்போது 'இன்' வரும்: பிள்ளைமேல், நண்பர்மேல், நம்பிய ஒரு நிறுவனத்தின்மேல். 'உன்னை வேறு மாதிரி நினைத்திருந்தேன்' என்ற தொனி அதில் இருக்கும். 'வித்' கொஞ்சம் இளகியது. பொருளுக்கும் வரும், ஆளுக்கும் வரும். முடிவு, செய்தி மாதிரியானவற்றுக்கு 'பை', 'அட்' இரண்டையும் பார்க்கலாம். இது கல்லில் வெட்டிய விதி இல்லை, ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் கலந்துதான் எழுதுகிறார்கள். அந்த ஆசிரியை யோசித்து எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. முப்பது, நாற்பது கையேடு கையெழுத்துப் போடும்போது கை தானாக ஓடும், நானும் ஓட்டியிருக்கிறேன்.

எழுத்துக்கூட்டலையும் சொல்லிவிடுகிறேன், இங்கே பாதிப் பேர் இரண்டு 'எஸ்' போடுகிறீர்கள். 'டிஸ்', அதோடு 'அப்பாயின்ட்', அவ்வளவுதான் சொல். ஆகவே 'எஸ்' ஒன்று, 'பி' இரண்டு. பிரெஞ்சிலிருந்து வந்தது. 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது, பதவியில் அமர்த்தியவரை அதிலிருந்து இறக்கிவிடுவது என்றுதான் பொருள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைத் திரும்ப வாங்கிக்கொள்வது என்று வைத்துக்கொள்ளுங்களேன். எதிர்பார்த்தது நடக்காமல் போவது என்ற பொருள் அதே நூற்றாண்டிலேயே பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

இன்னொன்று. வேலை நேர்காணலுக்குப் போகும் பிள்ளைகள் 'ஐ வாஸ் வெரி டிஸப்பாயின்டிங்' என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். சோர்ந்துபோனது நீங்கள் என்றால் 'டிஸப்பாயின்டட்'. 'டிஸப்பாயின்டிங்' என்றால் உங்களால் மற்றவர்கள் சோர்ந்துபோனார்கள் என்று அர்த்தம். கேட்கிறவர் அதை அப்படியே நம்பிவிடப் போகிறார்.

செங்காங்கிலிருந்து:

என் அலுவலகத்தில் இந்தச் சொல்லை மின்னஞ்சலில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். வாயால் சொல்லும்போது சீனத் தோழி 'சீட் மை பீலிங்' என்பாள். சாப்பாட்டு வேளையில் வரிசையில் நின்று, நமக்கு முன்னால் கோழிச்சோறு தீர்ந்துபோனால், 'வா லாவ், சீட் மை பீலிங்!' மாண்டரினில் அப்படிச் சொல்லும் வழக்கம் இருக்கிறதாம், அது சிங்கிலீஷுக்குள், அதாவது நம்மூர்ப் பேச்சு ஆங்கிலத்துக்குள், இறங்கியிருக்கிறது. கேட்டதும் எனக்கு ஊர் ஞாபகம்தான். 'ஏமாத்திட்டாங்கடி' என்று நாம் சொல்வதும் அதுதானே. மன்னார்குடி அண்ணன் 'பீலிங்'கைச் சேர்த்துத் தட்டியிருந்தால் சப்ளையர் சிரித்திருப்பார்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவனுக்கு 'பாங் சே' தனியாக இருக்கிறது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் என் நண்பர்கள் பாதிப் பேரின் பெயர் வெளியே வரும்.

பச்சை உடைக்காரன்:

தேசிய சேவையில் இருக்கிறேன், அதனால் சுருக்கமாக. ஒரு நாள் ஸ்டாண்ட்பை பெட், அதாவது தங்கும் அறையைச் சோதிக்கும் நாள். கட்டில், அலமாரி எல்லாம் பளபளவென்று வைத்துவிட்டோம், மின்விசிறி இறக்கையின் மேல்பக்கத்தை எவனும் தொடவில்லை. என்சிக் (வாரன்ட் ஆபீசரை அப்படித்தான் கூப்பிடுவோம்) நாற்காலிமேல் ஏறி விரலால் தடவினார், விரலைப் பார்த்தார். கத்தப்போகிறார், எல்லாரையும் தரையில் போட்டுத் தண்டால் எடுக்கவைக்கப்போகிறார் என்று தயாராக நின்றோம். மனிதர் மெதுவாக, 'ஐ ஆம் நாட் ஆங்ரி. ஐ ஆம் டிஸப்பாயின்டட்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வார இறுதியில் வெளியே விடமாட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட முணுமுணுத்துவிட்டுத் தூங்கியிருப்போம். அன்றைக்கு ராத்திரி யாரும் சொல்லாமலே விசிறி துடைத்தோம்.

வீட்டுக்கு வந்து பாட்டியிடம் சொன்னேன். "ஏமாற்றமா இருக்குன்னு சொன்னார் பாட்டி."

"அப்படி யாருடா பேசுவா? 'உங்ககிட்ட இதை எதிர்பார்க்கலப்பா'ன்னு சொல்லியிருப்பார்."

அகராதி எதிலும் இது இருக்காது. ஆனால் என்சிக் சொன்னதற்குச் சரியான தமிழ் இதுதான் என்று அடித்துச் சொல்வேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

பாட்டிக்கு முழு மதிப்பெண். கதைக்கும் கட்டுரைக்கும் 'ஏமாற்றம் அளித்தது' சரி. பேச்சில் நாம் பெயர்ச்சொல்லைத் தேடுவதில்லை, 'எதிர்பார்க்கல', 'சப்புன்னு ஆயிடுச்சு', 'கையை விரிச்சுட்டாங்க' என்று வினையாகவே போட்டுவிடுகிறோம்.

தேக்கா சாப்பாட்டு ராமன்:

எல்லாரும் அழுகிற கதையாகவே சொல்கிறீர்கள். சிராங்கூன் சாலைப் பக்கம் நான் வழக்கமாகப் போகும் கடை ஒன்று இருக்கிறது, பெயர் வேண்டாம். யாரோ ஒரு நல்ல மனிதர் கூகுளில் ஐந்து நட்சத்திரம் போட்டுப் பாராட்டியிருக்கிறார்: 'தேர் மட்டன் பிரியாணி நெவர் பெய்ல்ஸ் டு டிஸப்பாயின்ட்'. 'நெவர் டிஸப்பாயின்ட்ஸ்' என்பதையும் 'நெவர் பெய்ல்ஸ் டு டிலைட்' என்பதையும் சேர்த்துக் கிண்டியிருக்கிறார். அவர் எழுதியதற்கு அர்த்தம், ஒரு தடவைகூடத் தவறாமல் சொதப்பும் பிரியாணி என்பது!

கடைக்காரருக்கு ஐந்து நட்சத்திரம் கண்ணில் பட்டது, போதாதா? பெரிய எழுத்தில் அச்சடித்து, லேமினேட் செய்து, கல்லாவுக்குப் பின்னால் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டார். பணம் கொடுக்க நிற்கும்போதெல்லாம் என் மனைவி என் கையைக் கிள்ளுவாள், சொல்லுங்க என்று. வாங்க வாங்க என்று சிரித்த முகமாகக் கூப்பிட்டு, கேட்காமலே இன்னொரு கரண்டி தாளிச்சா ஊற்றுகிறவரிடம் எப்படிச் சொல்வது? வெள்ளைக்காரச் சுற்றுப்பயணிகள் அந்தப் பலகையைப் போட்டோ எடுக்கிறார்கள். அவர் பெருமையாகப் பக்கத்தில் நின்று போஸ் கொடுக்கிறார். இதுவரை யாரும் வாய் திறக்கவில்லை. வியாபாரமும் குறையவில்லை.