கிராமத்து மெடிக்கலில் இன்சுலின்: கரண்ட் போனால் என்ன செய்வது?

கேள்வி: எங்க ஊர்ல மதியம் மூணு நாலு மணி நேரம் கரண்ட் இருக்காது. கடையில் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ்தான். இன்சுலினை எப்படிப் பாதுகாப்பது? செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக் மருந்து விற்கத் தனிப் பதிவேடு வேணுமா?

பதில் 1: இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். வெப்பத்தைவிட உறைவதற்குத்தான் அதிகம் பயப்படணும். ஃப்ரீசருக்குக் கீழேயும் பின்சுவரை ஒட்டியும் வைக்காதீங்க, உறைஞ்சிடும். உறைந்து உருகிய குப்பி பார்க்கத் தெளிவாக இருந்தாலும் வீரியத்தை நம்ப முடியாது; விற்கவே கூடாது. நடுத்தட்டில், அட்டைப்பெட்டியோடு, சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி வைங்க. கதவிலும் காய்கறித் தட்டிலும் தண்ணி பாட்டில் நிரப்பினால் கரண்ட் போனபிறகும் குளிர் நிற்கும். அந்த நேரம் கதவைத் திறக்காதீங்க. குறைந்தபட்ச, அதிகபட்ச அளவைக் காட்டும் தெர்மாமீட்டர் வாங்கி, காலை மாலை எழுதுங்க. இரவில் எவ்வளவு இறங்கியது என்று அதில்தான் தெரியும்.

பதில் 2: வாங்கிட்டுப் போறவங்களுக்கு ஐஸ் பேக் கொடுத்தால், துணி சுற்றிக் கொடுங்க. நேரடியாகப் பட்டால் பையிலேயே உறையும்.

பதில் 3: ஆமாம், செஃபிக்ஸிம் எச்1 பட்டியலில் (டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்று, விற்பனையைப் பதிய வேண்டிய மருந்துகளின் அரசுப் பட்டியல்) இருக்கு. சீட்டு எழுதிய டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏறணும். 3 வருஷம் வைத்திருக்கணும். அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது பேட்ச் நம்பரும் எக்ஸ்பைரியும் உள்ள பக்கத்தைக் கடைசிவரை கடையில் வைங்க. அதை முதலில் வெட்டிட்டா, மீதி மாத்திரை எப்போ காலாவதின்னு யாருக்கும் தெரியாது.