புதுப்பிப்பு: எருமைக் கன்றுகளின் கால்களைக் கடித்த ஈக்கள் குறைந்துவிட்டன

இறைச்சிக்காக வளர்க்கும் 6 எருமைக் கடாக் கன்றுகள் நாள் முழுக்கக் காலை உதைத்துக்கொண்டு, தீனியை விட்டுவிட்டு மூலையில் ஒண்டி நிற்கின்றன என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். வீட்டு ஈ இல்லை, இரத்தம் குடிக்கும் கடி ஈ என்றார். அவர் எழுதித் தந்த மருந்தைக் கன்றுகள்மேல் தெளித்தோம். மூன்றே நாளில் ஈ திரும்பிவிட்டது. இந்த ஈ மாட்டின்மேல் இருப்பது கொஞ்ச நேரம்தானாம், மீதி நேரம் சுவரில்தான் உட்கார்ந்திருக்குமாம். மாலையில் போட்ட வேப்பிலைப் புகை கொசுவுக்குச் சரி, ஆனால் இது பகலில் கடிப்பது.

பலித்தது, தீவனத் தொட்டியடியைப் பாருங்கள் என்று ஒருவர் சொன்ன யோசனை. அங்கே சிந்திய வைக்கோல் மூத்திரத்தோடு ஊறிக் கிடந்தது, கிளறினால் புழு! சாணிக் குவியலில்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இப்போது வாரம் இரண்டு முறை முழுதும் வழித்தெடுத்து, குவியலைத் தார்ப்பாயால் மூடுகிறோம். முட்டை ஈயாக இரண்டு, மூன்று வாரம் ஆவதால் உடனே பலன் தெரியவில்லை. நான்காம் வாரத்தில் உதைப்பது நின்றது, கன்றுகள் தொட்டியைக் காலி செய்கின்றன. எடை ஏறுகிறதா என்று அறிய அளக்கும் நெஞ்சுச் சுற்றளவு கூடாமல் நின்றுபோயிருந்தது, அதுவும் மறுபடி கூடத் தொடங்கியிருக்கிறது.