புதுப்பிப்பு: தண்ணீரில் பெப்டைடைப் பிடிக்கும் ஏற்பி

குளோரோஃபார்ம் என்ற கரிமக் கரைப்பானில் பெப்டைடைக் (அமினோ அமிலங்களின் சிறு சங்கிலி) கவ்விய என் செயற்கை ஏற்பி (இலக்கு மூலக்கூறைப் பிடிக்கும் மூலக்கூறு), தண்ணீரில் கைவிரித்துவிட்டது என்று முன்பு புலம்பியிருந்தேன். ஹைட்ரஜன் பிணைப்புகளை மட்டும் நம்பியதுதான் தவறு. அந்த இடங்களைத் தண்ணீரே முந்திக்கொள்கிறது.

இப்போது குக்கர்பிட்[7]யூரிலுக்கு மாறிவிட்டேன். ஏழு அலகுகளாலான பூசணி வடிவக் கூடு. ஃபீனைலலனின் என்ற அமினோ அமிலத்தின் வளையம் உள்ளே நுழைய, அங்கே அரைகுறைப் பிணைப்போடு தவித்த நீர் மூலக்கூறுகள் வெளியேறுகின்றன. பெப்டைடின் தொடக்க முனையிலுள்ள நேர்மின் அம்மோனியம், கூட்டு விளிம்பின் கார்பனைல்களை (கார்பன்–ஆக்சிஜன் தொகுதிகள்) ஒட்டிக்கொள்கிறது. ஃபீனைலலனின் முதலில் இருந்தால்தான் வளையமும் அம்மோனியமும் அருகருகே அமையும். அதனால்தான் ஃபீனைலலனின்–கிளைசினை இறுகப் பிடிக்கும் கூடு, வரிசை மாறிய கிளைசின்–ஃபீனைலலனினை ஆயிரக்கணக்கான மடங்கு தளர்வாகவே பிடிக்கிறது.

என்.எம்.ஆரில் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு அளவீடு) வளையத்தின் சிகரங்கள் மேல்புலத்துக்கு, அதாவது வளையம் கூட்டுக்குள் இருப்பதைக் காட்டும் திசைக்கு, நகர்ந்தபோது இருப்புக்கொள்ளவில்லை. ஆனால் பிடியின் வலுவைச் சொல்லும் பிணைப்பு மாறிலி எதிர்பார்த்ததைவிடக் குறைவு. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டபின் தெரிந்தது: அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் தாங்கல் கரைசலின் சோடியம் அயனிகள் அதே விளிம்பில் குந்தியிருந்தன. உப்பைக் குறைத்து மீண்டும் அளந்துகொண்டிருக்கிறேன்.