துர்மாமோஸ் எந்த விதியில் வருகிறது?

ஆலமரத்தடி:
ஸ்பானிய மொழியில் விருப்பம், ஐயம் போன்றவற்றைச் சொல்லும் வினை வடிவமான நிகழ்கால சப்ஜங்டிவுக்கு ஒரே விதி போதுமாம். "யோ (நான்) வடிவத்தின் கடைசி ஓவை நீக்கு, ஆர் என முடியும் வினைக்கு ஏ போடு, மற்றவைக்கு ஆ போடு, வேலை முடிந்தது" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. ஆப்லோ ஆப்லே ஆகும், தெங்கோ தெங்கா ஆகும், சரி. தோர்மீர் (தூங்குதல்) வினையின் துயெர்மோவிலிருந்து நொசோத்ரோஸ் (நாம்) வடிவம் செய்து காட்டட்டும். அவர் விதிப்படி துயெர்மாமோஸ் வரும். ஸ்பானியர் சொல்வது துர்மாமோஸ். எந்த விதியில் வந்தது?

செந்தூரன்:
எழுதியவன் நான்தான். செர், எஸ்தார், ஈர், ஆபெர், சபெர், தார் ஆகிய ஆறும் விதிக்கு வெளியே என்று அதே பதிவில் சொல்லியிருக்கிறேன். முழுவதும் படித்துவிட்டுச் சண்டைக்கு வரலாம். கொனோஸ்கோ கொனோஸ்கா, ஆகோ ஆகா, கெபோ கெபா என்று எவ்வளவு முரண்டு பிடிக்கும் வினையும் இதற்கு மடங்குகிறது.

ஆலமரத்தடி:
முழுவதும் படித்தேன். அந்த ஆறில் தோர்மீர் இல்லை. துர்மாமோஸ் எந்த விதியில் வந்தது?

மழைநாள்:
இருவரும் அழுத்தத்தை மறந்துவிட்டீர்கள். துயெர்மாவில் அழுத்தம் வினையடியில் விழுகிறது, அதனால் ஓ உடைந்து உயெ ஆகிறது. நொசோத்ரோஸ் வடிவத்தில் அழுத்தம் விகுதிக்குப் போய்விடுவதால் உடைவதில்லை. பென்சேமோஸ், பொதாமோஸ், வொல்வாமோஸ் எல்லாம் அப்படித்தான். இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது?

ஆலமரத்தடி:
உடையாவிட்டால் தோர்மாமோஸ் அல்லவா வர வேண்டும்? ஓ எப்படி உ ஆனது? பென்சேமோஸைக் காட்டித் தப்பிக்காதீர்கள், அது ஆர் வினை. ஈர் என முடியும் வினைகளில் நடப்பது வேறு. லத்தீன் தோர்மியாமுஸில் விகுதிக்கு முன்னால் நின்ற இகரம்தான் ஓவை உ ஆக்கியது. சென்தீரிலிருந்து (உணர்தல்) வரும் சிந்தாமோஸில் எ இ ஆகிறது, மொரீரிலிருந்து (சாதல்) வரும் முராமோஸில் ஓ உ ஆகிறது, இரண்டையும் பாருங்கள். துர்மியோவிலும் துர்மியெந்தோவிலும் அதே உ இருக்கிறது. ஒரே விதி என்று சொன்னவர் இதை எங்கே வைப்பார்?

செந்தூரன்:
தம்பி, "எஸ்பெரோ கெ வெங்காஸ்" (நீ வருவாய் என நம்புகிறேன்) என்று சொல்லத் தடுமாறுபவரிடம் லத்தீனைக் கொண்டுவந்து கொட்டுவது கற்பிப்பது ஆகாது, மிரட்டுவது. மெக்சிகோவின் நாட்டுப்புறப் பேச்சில் வாயாமோஸ், புயெதாமோஸ் என்று முதல் அசையை அழுத்திச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தாய்மொழிக்காரரே ஒருமையின் அடியை விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள். என் விதிக்கு வேறென்ன சான்று வேண்டும்?

ஆலமரத்தடி:
நான் பேரன் எடுத்தவன். தம்பி என்று அழைக்கும் உரிமையை உங்களுக்கு யாரும் தரவில்லை. அந்த மெக்சிகோ வடிவங்களை டெலே என்ற ஸ்பானிய மொழித் தேர்வில் எழுதச் சொல்லி உங்கள் மாணவர்களை அனுப்புவீர்களா? போன வருடமும் இதுதான் நடந்தது. "இரு" என்று பொருள்படும் எஸ்தார் என்றால் தற்காலிகம் என்று விதி எழுதினீர்கள். செத்தவரை ஏன் "எஸ்தா முயெர்தோ" என்கிறார்கள் என்று கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

ரொசாரியோவாசி:
அர்ஜென்டினாவில் வேலை பார்க்கிறேன். இங்கே "நீ" என்பதற்கு வொஸ் போட்டு, கடைசி அசையை அழுத்தி வொஸ் தெனேஸ் என்பவர்களே சப்ஜங்டிவில் தெங்காஸ் என்று முதல் அசையை அழுத்துகிறார்கள். அதே ஆள் கோபத்தில் "நோ திகாஸ்" (சொல்லாதே) என்னும்போது அழுத்தம் கடைசி அசைக்கு ஓடிவிடும். அன்றாடம் தேவைப்படுவது இது.

மழைநாள்:
கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். எந்தப் பேச்சு வந்தாலும் அர்ஜென்டினாவுக்கு இழுப்பது உங்கள் வழக்கமாகிவிட்டது. மத்திய அமெரிக்காவில் வெங்காஸையே கடைசி அசையில் அழுத்துகிறார்கள், தெரியுமா?

ரொசாரியோவாசி:
தெரியும். நான் வாழும் ஊரைப் பற்றிச் சொன்னேன். அங்கே கால் வைக்காதவர் எனக்குப் பாடம் நடத்த வேண்டாம்.

செந்தூரன்:
நம்மவர்கள் உண்மையில் தடுக்கி விழும் இடத்தை யாரும் பேசவில்லை. "நீ வரும்போது" என்று எதிர்காலத்தைச் சொல்ல "குவாந்தோ வெந்த்ராஸ்" என்கிறார்கள். "குவாந்தோ வெங்காஸ்" வர வேண்டும். "நோ க்ரேயோ கெ" (அப்படி நான் நினைக்கவில்லை) என்று தொடங்கிவிட்டு அடுத்த வினையைச் சப்ஜங்டிவில் போடாமல் சாதாரணமாக முடித்துவிடுகிறார்கள். இதைத் திருத்த என் விதி உதவுகிறது. துர்மாமோஸை வாழ்நாளில் எத்தனை முறை சொல்லப் போகிறோம்?

ஆலமரத்தடி:
குழந்தை இருக்கிற வீட்டில் தினமும் சொல்வார்கள், "எஸ் ஓரா தெ கெ துர்மாமோஸ்" (நாம் தூங்கும் நேரமாகிவிட்டது) என்று. பயன்பாட்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, நீங்களாகத் திசை திருப்புகிறீர்கள். அடி உடையும் ஈர் வினைகளுக்கு நொசோத்ரோஸிலும் வொசோத்ரோஸிலும் (நீங்கள்) அடி இப்படி மாறும் என்று இன்னொரு விதியைச் சேருங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

செந்தூரன்:
சேர்க்க மாட்டேன். அது விதியல்ல, விலக்கு. விலக்குக்குத் தனிப் பாடம் வரும்.

ஆலமரத்தடி:
ஆறு விலக்குதான் என்று எண்ணிச் சொன்னது நீங்கள். ஏழாவது எப்போது முளைத்தது? துர்மாமோஸை விடுங்கள், மொரீருக்குச் சொல்லுங்கள். முராமோஸா, முயெராமோஸா?