கார்த்திகைக்கு எங்கள் வீட்டில் செய்தது: அனுபவப் பகிர்வு

திண்டிவனம் பக்கத்துக்காரர்:

வீட்டு வழக்கங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "அதெல்லாம் ஒரு காலம்" என்று ஏங்குவதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. எதை எடுத்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்று எழுதிவைத்தால்தான் நம் பிள்ளைகள் ஒருநாள் செய்துபார்க்க முடியும். அதனால் கார்த்திகைத் தீபத்தன்று நாங்கள் கையில் சுற்றும் பொறிப்பந்தமான மாவளியைச் செய்யும் விதத்தை முழுசாக எழுதுகிறேன்.

தீபத்துக்கு முந்தின வாரமே தாத்தா எங்களை ஏரிக்கரைக்கு விரட்டுவார். ஆண் பனையின் காய்ந்த பூக்களைப் பொறுக்கி வரவேண்டும். கொல்லையில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, பூவைக் கொட்டிக் கொளுத்துவார். நெருப்பு நன்றாகப் பிடித்த பிறகு மண்ணைத் தள்ளி, காற்றுப் புகாமல் மூடிவிட வேண்டும். சூட்சுமமே அந்த நேரத்தில்தான் இருக்கிறது. தாமதித்தால் எல்லாம் சாம்பல், அவசரப்பட்டால் பாதி பூ வேகாமல் கிடக்கும். தாத்தா புகையைத்தான் பார்ப்பார். அடர்ந்த வெள்ளைப் புகை மெலிந்து அடங்குகிற சமயம் "ம், தள்ளு" என்பார்.

மறுநாள் தோண்டினால் பூ உருக்குலையாமல் கரியாகி இருக்கும். அதை உரலில் இடித்துச் சலித்து, கொஞ்சம் உப்புச் சேர்த்து, பழைய வேட்டித் துணியில் இறுக்கிச் சுருட்டி நூலால் வரிந்து கட்டவேண்டும். பருத்தித் துணிதான் சரி. நைலான் கலந்தது உருகி ஒட்டிக்கொள்ளும். பனை மட்டையை மூன்றாகப் பிளந்து, நடுவில் பொட்டலத்தை வைத்து, மேலும் கீழும் கட்டி, நீளமாக ஒரு கயிறு. பொட்டலத்தின் தலையில் தணல் வைத்து ஊதிவிட்டுச் சுற்றினால், தலைக்கு மேல் பொறி வட்டமாய்ப் பூத்துக் கொட்டும். "மாவளியோ மாவளி!" என்று தெருவே கத்தும். பொறி மேலே விழுந்தாலும் பெரிதாகச் சுடாது, ஆனாலும் வைக்கோல் போர் பக்கம் போனால் அடி விழும்.

இதற்கெல்லாம் ஒரு வரிசை உண்டு. திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலை உச்சியில் மாலை ஆறு மணிக்குத் தீபம் ஏற்றியாயிற்று என்று தெரிந்தபிறகே வாசலில் அகல் ஏற்றுவாள் பாட்டி. பிறகு கோயிலில் பனையோலை கட்டிக் கொளுத்தும் சொக்கப்பனை. அது எரிந்து முடியுமுன் மாவளியைக் கையில் எடுக்கக் கூடாது.

பனை 1978-லிருந்து தமிழ்நாட்டின் மாநில மரம். வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தபோது மனம் நிறைந்தது. எங்கள் ஏரிக்கரைப் பனைகள் அதற்கு முன்பே செங்கல் சூளைக்குப் போய்விட்டன. இப்போது பூவுக்கு இரண்டு ஊர் தள்ளிப் போகிறேன், போகாமல் இருக்க மனசு வரவில்லை.

நாகர்கோவில்காரி:

அண்ணே, உங்களுக்குப் பனம்பூ என்றால் எங்களுக்குக் குருத்தோலை. திருக்கார்த்திகை அன்று ஓலைக் கொழுக்கட்டை அவிக்காத வீடு எங்கள் தெருவில் கிடையாது. பச்சரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய்த் துருவல், வறுத்த சிறுபயறு, சுக்கு, ஏலம். கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டித்தான் ஊற்றவேண்டும், மண் இருக்கும். மாவு கையில் பிடித்தால் நிற்கிற பதம். ஓலைக்குள் வைத்து, இன்னொரு ஓலையால் மூடி, ஓலை நாராலேயே கட்டி அவித்தால் அந்த மணம் அடுத்த வீடுவரை போகும். பிரிக்கும்போது ஓலையின் வரி கொழுக்கட்டையில் அப்படியே பதிந்திருக்கும். வாழையிலையில் செய்துபார்த்தேன், ருசி இருந்தது, அந்த மணம் இல்லை.

அம்மாவிடம் அளவு கேட்டால் "கண்ணளவுதான் மக்களே" என்பாள். போன கார்த்திகைக்கு அவள் அள்ளிப் போடப் போட, நான் கிண்ணத்தில் வாங்கி அளந்து நோட்டில் எழுதினேன். முதலில் கோபம், பிறகு அவளே "சுக்கை எழுதிட்டியா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

யாழ்ப்பாணத்தவர், இப்ப ரொறன்ரோ:

எங்கட பக்கம் இதை விளக்கீடு எண்டு சொல்லுவம். அப்பம்மா வீட்டில முத்தத்தில வாழைக்குத்தி நட்டு, அதுக்கு மேல விளக்கு வைப்பினம். அதோட பந்தம். தடிகளில துணி சுத்தி, எண்ணெயில தோய்ச்சு, படலையடி, கிணத்தடி, மாட்டுக்கொட்டில், வளவின்ர மூலை எல்லாம் குத்திக் கொளுத்துவம். மாட்டுக்கும் வெளிச்சம் வேணும் எண்டு அப்பம்மா சொல்லுவா. எனக்கு இண்டைக்கும் பிடிச்ச வசனம் அது.

இங்க நவம்பர் குளிரில வாசல்ல ரெண்டு அகல்தான், காத்தும் விடாது. நீங்கள் ரெண்டு பேரும் எழுதினதைப் பார்த்த பிறகு நானும் ஒரு கொப்பி வாங்கிட்டன். தடி என்ன மரத்தில வெட்டுறது, துணியை எவ்வளவு நேரம் ஊறவிடுறது எண்டு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோட கதைக்கேக்க கேட்டு எழுதுறன்.