மிலிஷியா: குடிப்படையா, நாட்டுப்படையா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

நான்கு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ராணுவ வரலாற்றுக் கட்டுரையைத் தமிழாக்கும் தோழி மிலிஷியா, நேஷனல் கார்டு, டெரிட்டோரியல் ஆர்மி, ரிசர்வ் ஆகிய நான்குக்கும் சொல் கேட்டிருந்தார். நான்குமே முழுநேரப் படைக்கு வெளியே, தேவைப்படும்போது கூப்பிடும் ஆட்களின் படைகள்; அவற்றில் மிலிஷியா என்பது ஊர்மக்களைத் திரட்டிய படை. பரிந்துரைகள் நிறைய வந்துவிட்டன. நான்கையும் ஒரே சொல்லுக்குள் அடைக்கப் பார்ப்பதால்தான் இழை முடியாமல் நீள்கிறது என்று எனக்குப் படுகிறது.

> பகுதிநேரப் படை என்றே வைத்துவிடலாமே. யாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் முழுநேரப் படை என்று ஒன்று இருந்தால்தானே இன்னொன்றைப் பகுதிநேரம் என்று சொல்ல முடியும்? 1636 டிசம்பரில் மாசசூசெட்ஸ் குடியேற்றம் தன் ஊர்ப்படைகளை மூன்று ரெஜிமென்ட்களாக வகுத்தது. அமெரிக்க நேஷனல் கார்டு தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது அதைத்தான். அன்று அங்கே நிலைப்படை கிடையாது. உழவனும் தச்சனும் துப்பாக்கியை எடுத்தால் படை, கீழே வைத்தால் ஊர். இன்னும் பின்னால் போனால், 1181இல் இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி ஓர் ஆணை போட்டார். அடிமையல்லாத ஆண் ஒவ்வொருவரும் தன் சொத்துக்கு ஏற்ற ஆயுதம் வைத்திருக்க வேண்டும். 16 மார்க் (அந்தக் காலப் பணக்கணக்கு) சொத்து இருந்தால் இரும்புக் கவசம், தலைக்கவசம், கேடயம், ஈட்டி. அவரவர் செலவில்தான்!

பகுதிநேரம் என்ற கணக்கு அமெரிக்காவில் சட்டமானது 1903இல். டிக் சட்டம் என்பார்கள். மத்திய அரசு பணமும் ஆயுதமும் தரும். பதிலுக்கு ஆண்டுக்கு 24 பயிற்சிகளும் 5 நாள் முகாமும் கட்டாயம். 1916 சட்டம் அதை 48 பயிற்சி, 15 நாள் என்று உயர்த்தியது. மாதம் ஒரு வார இறுதி, ஆண்டுக்கு இரண்டு வாரம் என்று இன்று சொல்வதற்கு வேர் இங்கே. ஆக, 1903க்குப் பிந்தைய பத்திகளில் "பகுதிநேர வீரர்" என்று தாராளமாக எழுதுங்கள். 1636க்கு அது ஒட்டாது.

> வேளைக்காரப் படை! வேளை என்றால் நேரம். சோழர் கால ஆட்சிச்சொல் வேறு.

சொல் அழகுதான். ஆனால் சோழர்களின் வேளைக்காரர் அரசனுக்காக உயிரைக் கொடுப்பதாகச் சபதம் எடுத்தவர்கள். முகாம் முடிந்ததும் வீட்டுக்குப் போகிற ஆளுக்கு அந்தப் பெயரை வைத்தால் இரண்டு பேருக்கும் அநியாயம்.

> தொண்டர் படை. இலங்கையில் இன்றும் புழங்குகிறது.

இதைத்தான் நான் எளிதில் தள்ள மாட்டேன். இலங்கையில் 1881 முதலே தொண்டர் படைப்பிரிவு உண்டு. சொல்லும் பழகிய சொல். (தமிழ்நாட்டு வாசகருக்குக் கட்சிக்கொடி நினைவுக்கு வரும், அது வேறு.) சிக்கல் எங்கே என்றால், தொண்டர் என்றால் தானாக வந்தவர். மிலிஷியாவில் எல்லோரும் தானாக வரவில்லை. 1757ஆம் ஆண்டு ஆங்கிலேயச் சட்டத்தில் சீட்டுக் குலுக்கித்தான் ஆள் எடுத்தார்கள். பெயர் விழுந்தால் மூன்று ஆண்டு சேவை, இல்லையென்றால் மாற்றாளை அனுப்ப வேண்டும், அதுவும் முடியாவிட்டால் 10 பவுண்டு கட்ட வேண்டும். பல கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) இதற்கு எதிராகக் கலவரமே நடந்தது. பிறகு 1859இல், பிரெஞ்சுப் படையெடுப்பு பயத்தில், தன்விருப்பில் சேர்ந்தவர்களைக் கொண்டு வாலன்டியர் ஃபோர்ஸ் தனியாகத் தோன்றியது. மிலிஷியாவும் பக்கத்திலேயே இருந்தது. பிரிட்டிஷ் போர் அமைச்சர் ஹால்டேனின் சட்டப்படி 1908இல் வாலன்டியர்களையும் யோமன்ரி என்ற குதிரைப்படையையும் சேர்த்து டெரிட்டோரியல் ஃபோர்ஸ் ஆக்கினார்கள். மிலிஷியா ஸ்பெஷல் ரிசர்வாக மாறியது. இந்த ஒரு வாக்கியத்தை மொழிபெயர்த்துப் பாருங்கள். தொண்டர் படையை மிலிஷியாவுக்குக் கொடுத்துவிட்டால் வாலன்டியருக்கு எங்கே போவது? அதனால் தொண்டர் படை = வாலன்டியர் ஃபோர்ஸ். அங்கேயே இருக்கட்டும்.

ரிசர்வுக்குச் சேமப்படை போதும். நம் செய்திகளில் வரும் "ரிசர்வ் போலீஸ்" முழுநேரப் படை என்பதால் ரிசர்வ் என்று எழுதினால் குழப்பம்தான். பிரஷ்யா என்ற பழைய ஜெர்மானிய அரசு இதில் நல்ல உதாரணம். நெப்போலியன் 1808இல் அதன் படையை 42,000 பேருக்குள் கட்டிப்போட்டார். 1813இல் போர் மூண்டதும் லாண்ட்வேர் என்ற குடிமக்கள் படையை எழுப்பினார்கள். அடுத்த ஆண்டுச் சட்டம் படிக்கட்டு மாதிரி: மூன்று ஆண்டு நிலைப்படை, இரண்டு ஆண்டு ரிசர்வ், அப்புறம் லாண்ட்வேர். ரிசர்வில் இருப்பவன் வீடு திரும்பிய நிலைப்படை வீரன், கூப்பிட்டால் வருவான். சேமித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இனி மிலிஷியா.

> குடிப்படை. குடிமக்கள் படை என்பதன் சுருக்கம்.

என் முதல் விருப்பமும் இதுவாகத்தான் இருந்தது. ஆனால் "குடிமகன்" என்ற சொல்லையே நம் ஆட்கள் என்ன பாடு படுத்துகிறார்கள் என்று தெரியும். கூடவே டெரிட்டோரியலுக்கு "பிராந்திய ராணுவம்" என்று எழுதினால் ஒன்றில் குடி, மற்றதில் பிராந்தி. கட்டுரையை யாரும் நிதானமாகப் படிக்க மாட்டார்கள்.

நான் முன்வைப்பது நாட்டுப்படை. புதிதாக ஆக்கியது அல்ல. 762ஆம் குறளின் உரையில் பரிமேலழகர் அறுவகைப் படையை அடுக்குகிறார்: மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை. நிலைப்படையும் கூலிப்படையும் அல்லாத, நாட்டிலிருந்து திரண்ட படைக்கு இடம் அங்கேயே இருக்கிறது.

"நாட்டுப்படை என்றால் தேசிய ராணுவம் என்றுதானே படும்?" என்று கேட்பீர்கள். சோழர் கல்வெட்டுகளில் நாடு என்பது தேசம் இல்லை. சில ஊர்கள் சேர்ந்த வட்டாரம், நாட்டார் சபை கூடுகிற அளவு. இங்கிலாந்தில் மிலிஷியா திரண்டதும் கவுண்டி கவுண்டியாகத்தான். ஹால்டேன் படைக்கு டெரிட்டோரியல் என்று பெயர் வந்ததிலும் அதை நிர்வகித்த கவுண்டிச் சங்கங்களுக்குப் பங்குண்டு. சொல் தற்செயலாகவே பொருந்திவிடுகிறது.

இன்னொரு பொருத்தம், கொஞ்சம் குறும்பு. நாட்டு வெடி, நாட்டுத் துப்பாக்கி என்று சொல்லும்போது ஒரு மட்டமான தொனி வருகிறதல்லவா? தொழில்முறைப் படைத்தலைவர்கள் மிலிஷியாவைப் பார்த்ததும் அப்படித்தான். 1776இல் அமெரிக்கப் படைத்தலைவர் வாஷிங்டன், மிலிஷியாவை நம்புவது முறிந்த கோலை ஊன்றுவது போல என்று எழுதினார். 1814 ஆகஸ்டில், பிரிட்டிஷாருக்கு எதிரான போரில், பிளேடன்ஸ்பர்க்கில் மிலிஷியாக்காரர்கள் சிதறி ஓடினார்கள். அன்றிரவே வாஷிங்டன் நகரம் எரிந்தது. ஆனால் அடுத்த ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸில், அமெரிக்கத் தளபதி ஜாக்சன் எழுப்பிய மண்சுவருக்குப் பின்னால் மிலிஷியாக்காரர்களும் அசையாமல் நின்றார்கள். 1914இல் பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர் டெரிட்டோரியல்களை நம்பாமல் புதுப்படை திரட்டப் போனார். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே டெரிட்டோரியல்கள் பிரான்ஸில் போரில் இருந்தார்கள்.

மற்ற இரண்டும், நேஷனல் கார்டும் டெரிட்டோரியல் ஆர்மியும், தனிப்பெயர்கள். நேஷனல் கார்டு, 1789இல் பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத் தலைமை ஏற்ற பாரிஸ் படையின் பெயர். 1824இல் அவர் அமெரிக்கா வந்தபோது நியூயார்க் மிலிஷியாப் பிரிவு ஒன்று அவர் நினைவாக அதைச் சூட்டிக்கொண்டது. ஒலிபெயர்த்தால் போதும். 1949 அக்டோபர் 9இல் ராஜாஜி தொடங்கிவைத்த இந்தியப் படையையும் பத்திரிகைகள் எழுதுகிறபடியே பிராந்திய ராணுவம் என்று விட்டுவிடலாம், மேலே சொன்ன பகடியையும் மீறி. செய்தியில் வரும் இன்றைய "மிலிஷியா"க்களுக்கு ஆயுதக் குழு. அவர்களை நாட்டுப்படை ஆக்கிவிடாதீர்கள்.

அன்புடன்.

---

ஐயா, மிக்க நன்றி. 1908 பத்தியில் போட்டுப் பார்த்தேன்: "தொண்டர் படையும் யோமன்ரியும் டெரிட்டோரியல் ஃபோர்ஸில் இணைந்தன, நாட்டுப்படை சிறப்புச் சேமப்படையானது." முட்டவில்லை.

ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டேன். சுவிஸ் அரசியலமைப்பின் 58ஆவது பிரிவு படை "மிலிட்ஸ்" (மிலிஷியாவுக்கு ஜெர்மன் சொல்) நெறிப்படி அமையும் என்கிறது. ஆனால் அங்கே வேறு தொழில் பார்த்துக்கொண்டே உறுப்பினர்கள் பணியாற்றும் நாடாளுமன்றத்தையும் மிலிட்ஸ் நாடாளுமன்றம் என்றே அழைக்கிறார்கள். அதை நாட்டுப்படை நாடாளுமன்றம் என்று எழுத முடியாதே?

---

முடியாது தோழி. அங்கே மிலிட்ஸ் என்பது படையைத் தாண்டி, பொதுப்பணியைச் சொந்தத் தொழிலோடு சேர்த்துச் செய்யும் முறை. குடிமைப்பணி என்று சொல்லலாம் என்றால் அதைத் தேர்வாணையம் எடுத்துக்கொண்டுவிட்டது. இப்போதைக்கு "மிலிட்ஸ் முறை" என்று எழுதி ஒரு வரி விளக்கம் போடுங்கள். நாளை தனி இழை தொடங்குகிறேன். வேளைக்காரப் படை நண்பரும் அங்கே வரட்டும்.