கலைச்சொல் தேவை: 'வார்' நடுவரும் அதோடு ஒட்டிய சில சொற்களும்

வணக்கம்.

ஓர் இதழின் விளையாட்டுப் பக்கத்துக்குக் கால்பந்துச் செய்திகள் எழுதுகிறேன். வி.ஏ.ஆர். (வீடியோ அசிஸ்டன்ட் ரெஃப்ரி, அதாவது தனி அறையில் காட்சிகளைப் பார்த்துக் களநடுவருக்கு உதவுபவர்) என்பதைத் தமிழில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். 'வார்' என்று போட்டால் செருப்பு வார்தான் நினைவுக்கு வருகிறது. 'வீடியோ நடுவர்' பரவாயில்லை. 'மூன்றாவது நடுவர்' என்று எழுதினால் கிரிக்கெட் புண்ணியத்தில் எல்லோருக்கும் சட்டென்று புரிந்துவிடுகிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா?

இன்னொன்று. 'கிளியர் அண்ட் ஆப்வியஸ் எரர்' என்ற தொடர் வாரத்துக்கு நான்கு முறையாவது வந்துவிடுகிறது. 'தெளிவான மற்றும் வெளிப்படையான பிழை' என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்து அனுப்புகிறார். உங்கள் யோசனை என்ன?

---

தம்பிக்கு,

மாவட்ட அளவில் பல வருடம் விசில் ஊதியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். 'மூன்றாவது நடுவர்' வேண்டாம். 1992-இல் டர்பனில் சச்சின் ரன் அவுட் ஆனபோது களத்தில் இருந்தவர் முடிவையே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவரிடம் ஒப்படைத்தார். கிரிக்கெட்டில் அதுதான் வழக்கம். கால்பந்தில் அப்படி இல்லை. அறையில் இருப்பவர் பார்ப்பார், காதில் சொல்லுவார், 'போய் ஒருமுறை பாருங்கள்' என்று பரிந்துரைப்பார். முடிவு மட்டும் எப்போதும் களநடுவருடையது. விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது. எண்ணிக்கையும் இடிக்கும். களநடுவர், கொடி பிடித்து ஓடும் உதவி நடுவர்கள் இருவர், பலகை தூக்கிக் காட்டும் நான்காவது நடுவர் என்று ஏற்கெனவே வரிசை இருக்கிறது. 'மூன்றாவது' என்றால் கொடிக்காரர்களில் ஒருவரைச் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள்.

கொடிக்காரர்களுக்கு 'உதவி நடுவர்' என்ற பெயர் நிலைத்துவிட்டதால், இவருக்கு 'காணொளி உதவி நடுவர்' என்பதே பொருத்தம். தலைப்புகளில் 'காணொளி நடுவர்' என்று சுருக்கிக்கொள்ளலாம். (காணொளியா காணொலியா என்ற சண்டையைத் தயவுசெய்து இங்கே கிளப்பாதீர்கள். அதற்குத் தனி இழையே ஓடிக்கொண்டிருக்கிறது.)

அந்த இரண்டாவது தொடர்தான் தலைவலி. அதைச் சரியாகச் சொல்லாவிட்டால், இந்த ஏற்பாடு நியாயமா, ஒரே சீராக இருக்கிறதா என்று ஊரே போடும் சண்டை வாசகருக்குப் புரியாது.

2018 மார்ச்சில் கால்பந்து விதிகளை வகுக்கும் அமைப்பான இஃபாப் காணொளி நடுவர் முறையை ஆட்டவிதிகளில் சேர்த்தது. அந்த வருடமே ரஷ்ய உலகக் கோப்பையில் புகுந்தது. அப்போது எழுதிய விதிப்படி கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாற்றி அட்டை காட்டுவது ஆகிய நான்கு விஷயங்களில் மட்டும்தான் காணொளி நடுவர் வாய் திறக்கலாம். அதிலும் களநடுவர் அந்தத் தொடர் சொல்கிற மாதிரிப் பிழை செய்திருந்தால்தான், அல்லது பெரிய சம்பவம் ஒன்று அவர் கண்ணில் படாமல் போயிருந்தால்தான். சரியான முடிவைத் தேடிக் கண்டுபிடிப்பது அவர் வேலையே அல்ல. மோசமான முடிவு நிற்காமல் பார்த்துக்கொள்வதோடு அவர் கடமை முடிந்தது.

இதன் விளைவைப் பாருங்கள். பெனால்டிப் பகுதியில் ஒரு தடுப்பு. கால் படுகிறது, பந்தும் படுகிறது, எப்படியும் சொல்லலாம். சனிக்கிழமை ஒரு நடுவர் பெனால்டி கொடுக்கிறார். அறையில் இருப்பவர் 'கொடுத்தது பெரிய தப்பில்லை' என்று விட்டுவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை அச்சு அசலாக அதே தடுப்புக்கு இன்னொரு நடுவர் கொடுக்கவில்லை. அறை அதையும் விட்டுவிடுகிறது. இரண்டு இடத்திலும் விதிப்படி சரியாகத்தான் நடந்திருக்கிறது. இரண்டாவது ஆட்டத்தில் தோற்றவன் மட்டும் தெருவில் நின்று கத்துகிறான். சீரில்லை என்று திட்டுகிறோமே, அதில் பாதி யாருடைய திறமைக்குறைவாலும் வருவதில்லை. விதியை எழுதிய விதத்திலேயே அது இருக்கிறது.

அப்புறம், அந்த வரம்பை எவ்வளவு கண்டிப்பாகப் பிடிக்கிறார்கள் என்பதும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. 2018 இறுதிப்போட்டி நினைவிருக்கும். பிரான்ஸும் குரோஷியாவும் 1-1. கார்னரில் பந்து பெரிசிச்சின் கையில் பட்டது. களநடுவர் பித்தானா முதலில் எதுவும் கொடுக்கவில்லை. காதில் அழைப்பு வந்ததும் கோட்டோரத் திரைக்குப் போனார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். களத்துக்குத் திரும்பக் கிளம்பியவர் மறுபடி வந்து இன்னொரு தரம் பார்த்தார். பிறகு பெனால்டி என்றார். கிரீஸ்மான் அடித்தார், 2-1. முடிவு சரியா தப்பா என்று இன்றைக்கும் வாதாடலாம். என் கேள்வி அதுவல்ல. இத்தனை தயங்கிப் பார்க்கவேண்டியிருந்த ஒன்று எப்படி அந்த வகைப் பிழையாகும்?

'தெளிவான பிழை' எனக்குப் பிடிக்கவில்லை. தமிழில் 'தெளிவான' என்பது பாராட்டு: தெளிவான பேச்சு, தெளிவான கையெழுத்து. பிழையைத் தெளிவாகச் செய்தார் என்பதுபோல் ஒலிக்கிறது. 'அப்பட்டமான பிழை' என்று முன்மொழிகிறேன். மற்றவர்கள் சொல்லட்டும்.

---

ஐயா,

நீதிமன்ற ஆவணங்களை மொழிபெயர்ப்பவள் என்பதால் இரண்டு வார்த்தை.

கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பை மேல்கோர்ட்டுக்குக் கொண்டுபோவது மேல்முறையீடு. தீர்ப்புச் சொன்ன அதே நீதிமன்றத்திடம் மறுபடி பார்க்கச் சொல்வது சீராய்வு. பத்திரிகைகளில் 'சீராய்வு மனு' அன்றாடம் வருகிற சொல். களநடுவரே திரைக்குப் போய்த் தம் முடிவைத் தாமே திரும்பப் பார்க்கிறார் என்றால் அது சீராய்வுதான். 'மறுபரிசீலனை', 'மீள்பார்வை' என்று புதிதாகத் தேட வேண்டாம்.

சீராய்வு மனுவுக்கும் நீங்கள் சொல்கிற மாதிரி ஒரு வரம்பு உண்டு. பிழை ஆவணத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரியவேண்டும். நீளமாக வாதாடித்தான் நிறுவமுடியும் என்றால் அது அந்த வகைப் பிழையே அல்ல என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. பித்தானா பற்றிய உங்கள் கேள்விக்கு எங்கள் துறையில் இதுதான் பதில்.

'அப்பட்டம்' எனக்கு ஒட்டவில்லை. அப்பட்டமான பொய், அப்பட்டமான மோசடி என்று சொல்லிச் சொல்லி அதில் வேண்டுமென்றே செய்த வாடை ஏறிவிட்டது. நடுவர் வேண்டுமென்றே செய்யவில்லையே. 'கண்கூடான பிழை' என்று வைத்தால் என்ன? கண்ணால் பார்த்ததும் தெரிவது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது.

---

அம்மா, நல்ல சொல் கொடுத்தீர்கள். 'அப்பட்டம்' போகட்டும், 'கண்கூடான பிழை' இருக்கட்டும். 'சீராய்வு'க்கும் என் ஓட்டு. ஆனால் அதோடு இன்னொன்றைப் பிரித்து வைக்கவேண்டும்.

கோல் விழுந்தால், பெனால்டி என்றால், அறையில் எப்போதும் ஒரு பார்வை பார்ப்பார்கள். யாரும் கேட்கவேண்டாம், ஆட்டமும் நிற்கவேண்டாம். அது சரிபார்ப்பு. அதில் ஏதாவது சிக்கினால்தான் சீராய்வு. தம்பி இரண்டையும் கலந்து எழுதக் கூடாது.

இந்த ஒரு சொல்லில் என்ன ஆபத்து இருக்கிறது என்பதற்கு 2023 செப்டம்பர் 30 போதும். இங்கிலாந்து லீக்கில் டாட்டன்ஹாமும் லிவர்பூலும் 0-0. லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் கோல் போட்டார், கொடி உயர்ந்தது, ஆஃப்சைடு (பந்து தட்டப்படும் கணத்தில் தடுப்பாளர்களைத் தாண்டி நிற்பது) என்றார்கள். டேரன் இங்கிலாந்து என்ற காணொளி நடுவர் கோடு போட்டுப் பார்த்தார். டியாஸ் ஆஃப்சைடு இல்லை. ஆனால் களத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு 'சரிபார்ப்பு முடிந்தது' என்றார். களத்தில் இருந்தவர்களோ 'ஆஃப்சைடு உறுதி' என்று எடுத்துக்கொண்டு ஃப்ரீ கிக் அடித்து ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். காட்சியை ஓட்டிக் காட்டுகிறவர்தான் முதலில் விழித்துக்கொண்டு கேட்டார். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் இப்படிப்பட்ட முடிவைத் திருப்ப விதியில் இடமில்லை. லிவர்பூல் 2-1 என்று தோற்றது. பிறகு ஒலிப்பதிவையே வெளியிட்டார்கள். கேமரா சரி, கோடு சரி, பார்த்தவர் கண்ணும் சரி. எது சரி என்று சொல்லாமல் 'முடிந்தது' என்றதுதான் கெடுத்தது. ஆகவே தம்பி, 'சரிபார்ப்பு முடிந்தது' என்று மொட்டையாக எழுதாதீர்கள். 'சரிபார்ப்பு முடிந்தது, கோல்' அல்லது 'சரிபார்ப்பு முடிந்தது, கோல் இல்லை' என்று எழுதுங்கள்.

அதே ஆட்டத்தில் லிவர்பூலின் கர்டிஸ் ஜோன்ஸுக்கு மஞ்சள் அட்டை சிவப்பானது. நடுவரைத் திரைக்கு அழைத்ததும் முதலில் காட்டியது உறைந்த படம். கால் எதிராளியின் முழங்காலுக்குக் கீழே பதிந்திருக்கிற அந்த ஒரு கணம். உறைந்த படத்தில் எல்லாத் தடுப்பும் கொலைவெறி மாதிரித்தான் தெரியும். எங்கே பட்டது என்று பார்க்க மட்டும் மெதுவோட்டம், எவ்வளவு வேகம் என்று தீர்மானிக்க இயல்பான வேகம் என்று நெறிமுறையே சொல்கிறது. அதற்கும் சொல் வேண்டும்: 'மெதுவோட்டம்', 'இயல்வேகம்'.

கோட்டு விவகாரங்களில் மட்டும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2022 கத்தார் உலகக் கோப்பையில் ஜப்பான், ஸ்பெயினுக்கு எதிராகப் போட்ட இரண்டாவது கோலில் பந்து வெளியே போய்விட்டதாகப் பக்கவாட்டுப் படத்தைப் பார்த்த உலகமே நம்பியது. மேலிருந்து எடுத்த படத்தில் பந்தின் விளிம்பு கோட்டுக்கு மேலே நின்றது. வெறும் கண்ணுக்கு அது சாத்தியமே இல்லை. ஆஃப்சைடில்தான் பழைய முறையில் ஓர் ஓட்டை இருந்தது. விநாடிக்கு 50 படம் எடுக்கும் கேமராவில், விநாடிக்கு 8 மீட்டர் ஓடுகிறவர் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறார். பந்து காலை விட்ட கணம் எந்தப் படத்தில் என்று மனிதர் கையால் தேர்ந்தெடுத்துவிட்டு, அக்குள் ஒரு விரற்கடை வெளியே என்று தீர்ப்புச் சொன்னார்கள். கத்தாரில் பந்துக்குள்ளேயே உணரி வைத்து விநாடிக்கு 500 தரம் தகவல் எடுத்தார்கள், கூரையடியில் 12 கேமராக்கள் வீரர்களைத் தொடர்ந்தன. இதைத் 'தானியங்கி ஆஃப்சைடு' என்று எழுதுகிறார்கள். 'பாதித் தானியங்கி' என்பதே உண்மை, கடைசியில் ஒரு மனிதர் தலையசைக்கவேண்டும்.

ஃபிஃபா 2024-இல் இருபது வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் வேறொரு முறையைச் சோதித்தது. பயிற்சியாளர்தான் கேட்கவேண்டும், ஆட்டத்துக்கு இரண்டு தரம். அதைச் சீராய்வு என்று மட்டும் எழுதினால் போதாது, 'சீராய்வு கோரல்' என்று எழுதவேண்டும். சின்ன லீக்குகளுக்கு எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. கேமரா நிறைய வேண்டாம், தனி அறை வேண்டாம், புலம்பலும் பாதி குறையும்.

---

ஐயா, அம்மா, இருவருக்கும் நன்றி. காணொளி நடுவர், சரிபார்ப்பு, சீராய்வு, சீராய்வு கோரல், மெதுவோட்டம், இயல்வேகம் எல்லாம் எடுத்துக்கொண்டேன். 'கண்கூடான பிழை'யை ஆசிரியரிடம் இன்று காட்டினேன், சுழிக்கவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். இங்கிலாந்தில் 2024 ஜூனில் வுல்வ்ஸ் கிளப் இந்த முறையே வேண்டாம் என்று தீர்மானம் கொண்டுவந்து கிளப்புகளின் ஓட்டெடுப்பில் 19-1 என்று தோற்றது. சுவீடனில் கிளப்புகள் இதை உள்ளேயே விடவில்லை. நார்வேயில் ரசிகர்கள் மீன் கேக்குகளைக் களத்தில் வீசி ஓர் ஆட்டத்தையே நிறுத்தினார்கள். இவர்கள் எல்லோரும் கண்கூடான பிழையைத்தான் எதிர்க்கிறார்களா?

---

இல்லை தம்பி. கோல் விழுந்ததும் துள்ளிக் குதிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் இரண்டு நிமிடம் நிற்கவேண்டியிருக்கிறதே, அதைத்தான் எதிர்க்கிறார்கள். அதற்கு இன்னும் பெயர் இல்லை, வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள். ஆஃப்சைடை மட்டும் யாரும் தமிழாக்கக் கிளம்பாதீர்கள், அது எங்கள் ஊர்த் திடலில் என்றைக்கோ தமிழாகிவிட்டது.